ஐயாயிரம் அடிக்கு மேல்



இலங்கைப் படத்தை மேசைமீது விரித்து அதன் மத்திய மலைநாட்டில் நுவரெலியாவுக்குத் தெற்கே விரலை வைப்பீர்களாயின், அவ்விரலின் கீழ் மறையும் சிறு நிலப்பரப்பு ஹோட்டன் சமவெளியாகும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், காடும் புல்வெளியும் மாறிமாறிக் கிடக்கும் மேட்டுநிலம் அது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் அங்கிருந்து நீர் செல்கின்றது. கொட்டியாரக் குடாவை அண்டி வாழும் உழவரும், கொழும்பிலே குழாயைத் திறந்து குவளையை நிரப்பும் குடும்பத்தவரும், அம்பலாந்தோட்டையில் வயல் செய்பவரும் இம்மேட்டுநிலத்தைக் கண்ணாற் கண்டதில்லையாயினும் அதற்குக் கடன்பட்டவர்களே.

இம்மலையுச்சிக் காடு எவ்வாறு எஞ்சியது? சுற்றியுள்ள மலைச்சரிவுகள் யாவும் கோப்பியாகவும் தேயிலையாகவும் மாறிய காலத்தில் இது மட்டும் ஏன் வெட்டப்படாது நின்றது? இன்று அங்கே செல்லும் நாம் எப்படிச் செல்லவேண்டும் என்பதை அறிவதற்கும் இக்கேள்வியே நல்ல தொடக்கம். நமக்கு முன்னர் அம்மலைகளில் ஏறியோர் எப்படி ஏறினர், எதை விட்டுவந்தனர், எதைக் கொண்டுவந்தனர் என்பதை முதலிற் பார்ப்போம்.

முதலில் ஏறியோர் யாத்திரிகர். ஹோட்டன் சமவெளிக்கு மேற்கே, அதே மலைத்தொகுதியின் மறுகோடியில் 7,359 அடி உயரமாக நிற்பது சிவனொளிபாத மலை. சிங்கள மக்கள் அதனை ஸ்ரீபாதம் என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் கிலிமலை என்னும் ஊரை அங்கு செல்லும் யாத்திரிகரின் உணவுக்கென மானியமாக அளித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் வழியமைத்துப் பாலங்களும் இட்டான். நாட்டை ஆண்டோர் இம்மலையில் வழிக்கும் சோற்றுக்கும் பொருள் செலவிட்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுன் பதூதா இம்மலைக்குச் சென்றார். அவரை அனுப்பிவைத்தவர் நமது ஆரியச் சக்கரவர்த்தி. புத்தளத்திலே மன்னரைக் கண்ட அவ்வறிஞர், தாம் இத்தீவுக்கு வந்த நோக்கமே அப்பாதச்சுவட்டைத் தரிசிப்பதுதான் எனக் கூறவும், மன்னர் பல்லக்கும், ஆண்டுதோறும் மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தம் பரிவாரத்தவர் பதின்மரையும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் கொடுத்துதவினார். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரைச் சைவ மன்னரொருவர் யோகியரைத் துணைகூட்டி பௌத்தர் போற்றும் மலைக்கு அனுப்பிவைத்த இச்செய்தியை நம் பிள்ளைகளுக்கு இன்னும் அடிக்கடி சொல்லலாம். ஆயினும் இன்றைய பேச்சுக்கு வேண்டியது வேறொன்று. அக்கூட்டத்தில் வழி தெரிந்தவர் நால்வர் இருந்தனர். உணவு கூடவே சென்றது. வழியறியாதவர் தனியே காட்டுக்குள் இறங்கவில்லை. மலையிலே வேட்டையாடியும் பறித்தும் உண்ணும் தேவையும் எழவில்லை.

அவர் எழுதிவைத்த இன்னொரு செய்தியும் உண்டு. எவரும் எட்டமுடியாத இடத்தில் நின்ற ஒரு மரத்தின் இலையை உண்டால் இளமை திரும்பும் என்று அங்கே நம்பினர். அவ்விலை விழும்வரை யோகியர் மலையடிவாரத்திற் காத்திருப்பதை அவர் கண்டார். நம்பிக்கை பொய் என்று அவரே சொல்லிவிடுகிறார். என் மனத்தில் நிற்பது அந்தக் காத்திருத்தலே.

பிற்காலத்து யாத்திரைக்கும் ஒழுங்கு இருந்தது. கூட்டத்துக்கு ஒரு முதியவர் தலைவர். அவர் சொற்படியே ஏனையோர் நடப்பர். சீத கங்குல என்னும் குளிர்ந்த ஓடையில் நீராடி, வெள்ளாடை தரித்து, வீண்பேச்சு நீக்கி ஏறுவர். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியுடன் பருவம் முடியும். பின்னர் மழையும் காற்றும் மூடுபனியும் மலையைத் தம்வசம் எடுத்துக்கொள்ளும். தோட்டப் பகுதிகளிலிருந்து நம்மவர் அரோகராக் கோஷத்துடன் சென்றபோதும் இவ்வொழுங்கே அவர்களுக்கும் பொதுவாயிற்று.

பழைய யாத்திரிகரெல்லாம் இயற்கையின் காவலர் என்று நாம் புகழ்ந்துவிடக்கூடாது. அது வரலாறு ஆகாது. அவர்கள் சோற்றை வாழையிலையில் கட்டிச் சென்றனர். உண்டபின் இலையை எறிந்தனர். சிரட்டையை எறிந்தனர், எரிந்த சூளின் அடியையும் எறிந்தனர். அவை மண்ணோடு மண்ணாயின. எறியும் கை இன்றும் அதே கைதான். கையில் இருக்கும் பொருள்தான் மாறிவிட்டது. இலைக்குப் பதிலாகப் பொலித்தீன் தாளும், சுரைக்குடுவைக்குப் பதிலாகப் பிளாத்திக்குப் போத்தலும் வந்தன. மலையேறும் வழியில் இந்திகட்டுபான என்னும் இடத்தில் ஊசியும் நூலும் இட்டு, நூலை நெடுக விரித்துச் செல்லும் வழக்கம் ஒன்று உண்டு. புத்தபிரான் அங்கே தம் சீவரத்தின் கிழிசலைத் தைத்தார் என்பது ஐதிகம். சில நூறு பேர் இழுத்த பருத்திநூல் ஒரு மழைக்காலத்தில் உக்கிப்போயிருக்கும். இலட்சக்கணக்கானோர் இழுக்கும்போது பற்றைகளெல்லாம் நூலாற் போர்த்தப்படுகின்றன. வழக்கத்திற் குற்றமில்லை, தொகை பெருகியது என்பதை வழக்கம் அறியவில்லை, அவ்வளவே. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தொண்டர்கள் மூடை மூடையாகக் குப்பையைத் தோளிற் சுமந்து அப்படிகளில் இறங்குகின்றனர்.

இனி இரண்டாவது கூட்டத்தாருக்கு வருவோம். 1834ஆம் ஆண்டில் நுவரெலியாவிலிருந்து வேட்டைக்குப் புறப்பட்ட பிரித்தானிய இராணுவ உத்தியோகத்தர் இருவர் மேற்சொன்ன மேட்டுநிலத்தை அடைந்தனர். மகா எலிய என்று மலைநாட்டுச் சிங்கள மக்கள் ஏற்கெனவே பெயரிட்டு அறிந்திருந்த அவ்விடத்தை, அன்றைய தேசாதிபதி சேர் ரொபேட் வில்மற் ஹோட்டனின் பெயரால் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தனர்! அதன்பின் அங்கே ஏறியோர் வணங்கப் போகவில்லை, சுடப் போயினர்.

அக்காலத்து வேட்டைக்காரருள் மேஜர் றொஜேர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றாரெனக் கூறுவர். அவர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார்; அதைத் தெய்வத்தின் தீர்ப்பென்று மக்கள் பேசிக்கொண்டனர். சாமுவேல் பேக்கர் மற்றொருவர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடி ஆபிரிக்காவிற் புகழ்பெற்றவர் இவரே. 1848இல் நுவரெலியாவிற் குடியேறி, சீமையிலிருந்து கால்நடைகளும் வேட்டைநாய்களும் வருவித்து, மரை எனப்படும் பெருமானை நாய்களைக்கொண்டு துரத்தி இடுப்புக் கத்தியாற் குத்திக் கொல்லும் விளையாட்டிலே பல ஆண்டுகளை அவர் செலவிட்டார். அதைப்பற்றி இரு நூல்களும் எழுதினார். எழுத்திலே திறமை உண்டு. காலைப் பனியையும் காட்டின் மணத்தையும் நன்றாக உணர்ந்த மனிதர் என்பது தெரிகிறது. மலையை நேசித்துக்கொண்டே அதை வெறுமையாக்க ஒருவரால் முடியும் என்பதற்கு அந்நூல்கள் சான்று. சமவெளியிலுள்ள அழகிய நீர்வீழ்ச்சி ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. யானையோ அங்கே இப்போது இல்லை.

வேட்டைக்காரர் விலங்கை அழித்தனர். காட்டையே அழிக்க வந்தது கோப்பி. 1830களின் பிற்பகுதியில் தொடங்கி நாற்பதாண்டுகளுக்குள் கண்டி மலைகளில் காடு வெட்டிச் சுட்டெரிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காட்டு நிலமெல்லாம் அரசினதே என்றது. அரசு அதனைத் தோட்டத்துரைமாருக்கு விற்றது. அக்காட்டை வெட்டியோரும், அத்தோட்டங்களிற் கோப்பி பறித்தோரும் யார்? சிங்களக் கிராமத்தவர் கோடரி பிடித்தனர். மன்னாரிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் காட்டுவழியே நடந்துவந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் நட்டும் பறித்தும் உழைத்தனர். நடைவழியில் மாண்டோர் பலர். மலைகளின் வரலாற்றைப் பேசுகையில் மரத்தின் வீழ்ச்சியை மட்டும் பேசி இவர்களை மறப்பது நியாயமாகாது.

சரிவிலே மரம் போனபின் மழை மண்ணைக் கழுவியது. ஓடைகள் வெயிற்காலத்தில் வற்றவும் மழைக்காலத்திற் பெருகி அழிக்கவும் தலைப்பட்டன. 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் தோன்றியது. துரைமார் நோயினின்று தப்ப இன்னும் உயரத்தில் புதிய காணி தேடினர். அவ்வேளையில், 1873ஆம் ஆண்டில், இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரப் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் பிரித்தானிய அரசாங்கத்துக்கு ஓர் ஆலோசனை கூறினார். இலங்கை மலைகளில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை எவரும் தொடாது விட்டுவிடவேண்டும் என்பதே அது. பேராதனைப் பூங்காவின் தலைவரான துவைற்ஸும் அக்கருத்தினரே. காட்டின் அழகுக்காக அவர்கள் வாதிடவில்லை. நீருக்காகவும் மண்ணுக்காகவும் வாதிட்டனர். அரசாங்கம் இணங்கிற்று. அவ்வுயரத்துக்கு மேல் காடு வெட்டவும் விற்கவும் தடை பிறந்தது.

மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு இழுக்கப்பட்டது என்று அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத கோடு. அக்கோட்டைக் கீறியவர்கள் நம்மை ஆண்ட அந்நியர். அவர்களின் வணிகமே அவ்வழிவுக்கும் காரணம். ஆயினும் கொடுத்த நன்மையைக் கொடுத்ததென்றே எழுதவேண்டும். ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாத மலைக்காடும் நமக்கு எஞ்சியதில் அக்கோட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

கோட்டுக்குள்ளும் கை நுழையாமற் போகவில்லை. துரைமார் மீன்பிடி விளையாட்டுக்காக அந்நிய நாட்டு மீன்களைச் சமவெளியின் ஓடைகளில் விட்டனர். ஐரோப்பாவின் முட்செடியொன்றும் வந்து சேர்ந்தது. அதன் மஞ்சட் பூவைக் கண்டு இன்று படமெடுப்போர், அது அழைக்கப்படாத விருந்தாளி என்பதை அறியார். சுதந்திரம் பெற்றபின் நாமும் சும்மா இருந்தோமல்லேம். 1960களில் அப்புல்வெளியின் ஒரு பகுதியை உழுது உருளைக்கிழங்கு பயிரிட்டோம். 1969இல் அது நிறுத்தப்பட்டு இடம் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடோ 1940ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்டிருந்தது. 2010இல் இவ்விரண்டும் நக்கிள்ஸ் மலைக்காடும் சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன.

சட்டம் கோடரியைத் தடுத்தது, துப்பாக்கியையும் தடுத்தது. பாதத்தை அது தடுக்கவில்லை; தடுக்கவும் கூடாது. தன் நாட்டின் உச்சியைக் காணும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. இதனால் மூன்றாவது கூட்டத்தார் வந்தனர், அவர்கள் நாம். 2,500 அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் நிலம் திடீரென அறுந்து விழும் ‘உலக முடிவு’ என்னும் விளிம்பைக் காண்பதற்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் செல்கின்றனர். அவர்களிற் பெரும்பாலார் கெட்டவரல்லர். ஒருவராலும் பெரிதாக ஒன்றும் கெடுவதுமில்லை. ஆயினும் மலையுச்சி நிலம் தாழ்நிலத்தைப் போன்றதன்று. குளிரிலே மரம் மிக மெதுவாக வளர்கிறது. கையளவு தடித்த கிளைக்கு எத்தனை ஆண்டு என்று பார்வையால் மதிக்க இயலாது. கறுத்து ஈரமான மேல்மண் பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. மூடுபனி இலைகளிலும் பாசியிலும் படிந்து, துளித்துளியாய் இறங்கி அம்மண்ணைச் சேர்கிறது. மூன்று கங்கைகளுக்கும் போகும் நீரில் ஒரு பங்கு இவ்வாறு சேமிக்கப்பட்டதே.

அந்த மண்ணின்மேல் நாம் எவ்வாறு நடக்கிறோம்? பாதையில் சேறு கண்டவுடன் சப்பாத்து அழுக்காகாதபடி ஓரத்துப் புல்லில் மிதித்து விலகுகிறோம். பின்னால் வருபவர் இன்னும் ஓரடி விலகுகிறார். புல் சாக, அங்கும் சேறாகிறது. இரண்டடிப் பாதை பத்தடியாகி, மழைநீர் அதை வாய்க்காலாக அறுத்து, மண்ணை ஓடைக்குக் கொண்டுபோகிறது. சேற்றின் நடுவே நடப்பதுதான் அங்கே மரியாதை. இதை எழுதும்போதே சில தாய்மாரின் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சப்பாத்தைக் கழுவிவிடலாம், அம்மா. போகுமுன்னும் கழுவவேண்டும், அடியில் ஒட்டிய மண்ணோடு நம்மூர்க் களைகளின் வித்தும் மலைக்குப் பயணம் செய்கிறது.

மரைக்குப் பாண் ஊட்டுவது அன்பென்று நாம் எண்ணுகிறோம். ஊட்டப்பட்ட மரை காட்டைவிட்டு வாகனத் தரிப்பிடத்திலே நின்று, உணவு மணக்கும் பொலித்தீன் பையையும் மென்று விழுங்குகிறது. அது செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. இதனாலேயே பூங்கா வாயிலில் நம் பைகளைத் திறந்து சோதித்து, பொலித்தீன் உறைகளைக் களைந்து விடுகின்றனர். அவ்வுத்தியோகத்தரோடு சண்டைபிடிப்போரையும் கண்டிருக்கிறேன். ‘நெலு’ எனப்படும் குறிஞ்சியினச் செடிகள் பன்னிரண்டாண்டு அளவுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, வித்திட்டு, மடிகின்றன. பூத்த ஆண்டிலே ஒரு கொத்துப் பறிப்பது மறு தலைமுறையிற் சிறிதைப் பறிப்பதாகும். இரைச்சலைப்பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியைத் தோளிற் சுமந்து ஏறுவோரை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இவற்றை நான் குற்றமற்ற இடத்தில் நின்று கூறவில்லை. 1990களில் இளம் ஆசிரியனாக இருந்தபோது நாற்பது மாணவரை அழைத்துக்கொண்டு ஓகிய புகையிரத நிலையத்தில் இறங்கி, ஏறத்தாழ ஏழு மைல் ஏற்றத்தை நடந்தே சமவெளியை அடைந்தேன். அவர்களுக்கு மலையின் உயரத்தைச் சொன்னேன், ஹூக்கரைச் சொன்னேன், பேக்கரைக் கண்டித்துப் பேசினேன். நண்பகலில் ஓடைக்கரையில் அமர்ந்து சோற்றுப் பார்சல்களைப் பிரித்தோம். பசி மிகுதி, நேரம் குறைவு, மாலைப் புகையிரதம் காத்திராது. புறப்பட்டபின் திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தொரு பொலித்தீன் தாள்கள் புல்லின்மேல் வெள்ளையாய்க் கிடந்தன. நாற்பத்தொன்று என எண்ணிச் சொல்ல முடிவதற்குக் காரணம், அவற்றில் ஒன்று என்னுடையது. திரும்பிச் சென்று பொறுக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாணவியொருத்தி, மஹரத்மல் என்னும் செம்பூ மரத்தின் கன்றொன்றை வேரோடு பிடுங்கி, ஈரக் கைக்குட்டையிற் சுற்றி எடுத்துவந்து பாடசாலை முற்றத்தில் நட்டாள். ஒரு கிழமை நீரூற்றினாள். அது கருகியபோது என்னிடம் வந்து காரணம் கேட்டாள். இவ்விடம் தாழ்வு, வெப்பம் மிகுதி என்று பூமிசாத்திர விடை கொடுத்தேன். பிடுங்கும்போது நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் என்பதைச் சொல்லவில்லை.

இப்போது நான் அதிபராயிருக்கும் பாடசாலையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு வகுப்பு அங்கே செல்கிறது. இருபது பேருக்கு மேல் ஒரு கூட்டமாக விடுவதில்லை. முன்னே ஓர் ஆசிரியர், பின்னே ஓர் ஆசிரியர். உணவு மூடியுள்ள பெட்டிகளில் செல்லும். தண்ணீர் ஆளுக்கொரு போத்தல், அதே போத்தல் வீட்டுக்குத் திரும்பும். சென்ற முறை ஒரு மாணவன் வீட்டிலிருந்து வாழையிலையிற் சோறு கட்டிவந்திருந்தான். உண்டு முடித்து இலையை மடித்துப் பற்றைக்குள் இடப்போனவனை ஆசிரியை தடுத்தார்.

“இது இலைதானே, ரீச்சர். உக்கிப்போகும்,” என்றான் அவன்.

“இந்தக் குளிரில் உக்க நாளாகும். அதற்கு முன்னரே கறி மணத்துக்குக் காகமும் மரையும் வந்துவிடும். பெட்டிக்குள் வை.”

அவனிடம் பெட்டி இல்லை. பக்கத்திலிருந்தவன் தன் பெட்டியைத் திறந்து நீட்டினான். எண்ணெயும் பருப்பும் ஒட்டிய அவ்விலை ஓகிய வரை நடந்து, புகையிரதமேறி, இரவு எட்டு மணிக்குப் பாடசாலைக் குப்பைக்கிடங்கில் விழுந்ததை நான் நின்று பார்த்தேன்.